மரபுச் சங்கத்தின் ஆண்டுத் திட்டம்

எங்கள் ஊர் மரபுச் சங்கம் இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலை வெளியிட்டுவிட்டது. ஏப்ரல் 18, உலக மரபு நாள்: ‘வெயிலில் வாடும் சிற்பங்கள்’ கருத்தரங்கம், ஏ.சி. கல்யாண மண்டபத்தில். ஆகஸ்ட் 22, சென்னை தினம்: 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்ததற்கு இங்கே கேக் வெட்டுவார்கள். சென்னைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, “தினமும் பஸ் போகுதே!” என்றார் செயலாளர்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதில் மரபு நடை உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு வேனும் உண்டு. முடிவது ஓட்டல் வாசலில். போன முறை, கோயில் கல்வெட்டு சோழர் காலமா பாண்டியர் காலமா என்பதில் கடும் கருத்து வேறுபாடு. வெண்பொங்கலில் முந்திரி குறைவு என்ற தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

விளம்பர பிளக்ஸை ஏரிக்கரை நடுகல்லில் கட்டியிருக்கிறார்கள். தலைவர் ஆளுயரத்தில் சிரிக்கிறார். கயிறு வீரனின் கழுத்தைச் சுற்றிப் போகிறது. ஆநிரை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்கு இப்போது தூக்கு.

சங்கத்தாருக்கு ஒரே விண்ணப்பம்: பக்கத்திலேயே புளியமரம் இருக்கிறது. அடுத்த பிளக்ஸை அதில் கட்டுங்கள்.