கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஓ.எஸ்.

துறைமுகமே இல்லாத கரையில் மதராஸ் என்ற துறைமுகப் பட்டினத்தைத் தொடங்கிய பெருமை பிரான்சிஸ் டேவைச் சேரும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் பேசி முடித்த இடம் வெறும் மணல்மேடு. கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. கூவத்தின் வாய் பாதி நாள் மணலடைத்துக் கிடக்கும். கரையை ஒட்டி மூன்று வரிசையாக அலை உடையும். துணி மலிவு என்பது டே சொன்ன காரணம். சாந்தோமில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தார் என்பது ஊர் சொன்ன காரணம். ரேம் எவ்வளவு என்று கேட்காமல் பெட்டியின் நிறத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மூதாதை.

சரி, வாங்கியாயிற்று. இந்த ஹார்டுவேரை யார் ஓட்டுவது?

மாதக்கணக்கில் கடலில் உருண்டு வந்த கப்பல், கரையிலிருந்து தள்ளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலோடு வந்த ஆணி அடித்த படகை இறக்கினால் முதல் அலை தூக்கும், இரண்டாவது கவிழ்க்கும், மூன்றாவது விறகாக்கிக் கரையில் அடுக்கிவிடும். நன்னம்பிக்கை முனையையே சுற்றி வந்த கேப்டன், கம்பெனிக் கோட்டையின் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அந்தக் கடைசி மைலை ஓட்டிக் கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். பிற்பாடு ராயபுரத்தில் ராயப்பர் கோயிலைக் கட்டினார்களே, அந்தப் படகுக்காரர்கள்.

அவர்களுடைய மசூலா படகில் மருந்துக்கும் ஆணி கிடையாது. பலகையோடு பலகை வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் முறைத்துக்கொண்டு நிற்காது, நெளிந்து கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிக்க, பின்னால் நிற்கும் தண்டேல் அலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். எதன் முதுகில் ஏறுவது, எதைப் போகவிடுவது என்பது அவருக்கும் கடலுக்கும் உள்ள விவகாரம். உள்ளே உட்கார்ந்திருக்கும் துரைக்குத் தெரிந்ததெல்லாம், கப்பலிலிருந்து இறங்கினோம், நனைந்தோம், கரையில் நிற்கிறோம்.

இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் இதுதான். உங்கள் ப்ரோக்ராம் ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்கிறது. அந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த மூலையில் கிடக்கிறது, டிஸ்க் சுழல்கிற ஜாதியா சுழலாத ஜாதியா, எந்தக் கம்பெனிச் சரக்கு, ஒன்றும் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விடுவதும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் கெர்னல் என்கிற நடுவாளிடம் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தின் பெயர் சிஸ்டம் கால். அந்தந்தச் சாதனத்தின் குணம் தெரிந்த டிரைவரைக் கெர்னல் எழுப்பி அனுப்பும். மெமரியில் யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில் ஓடுவது, யார் வரிசையில் நிற்பது என்ற பஞ்சாயத்தெல்லாம் அதனுடையது. 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் ஐபிஎம் 704 இயந்திரத்துக்கு எழுதியதுதான் உலகின் முதல் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ராயபுரத்தில் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மதராஸில் சிஸ்டம் கால் கொடி வழியாகப் போனது. கப்பலுக்குப் பதில் சொல்ல, கரையில் மாஸ்டர் அட்டெண்டன்ட் என்று ஓர் அதிகாரி இருந்தார். கடல் கொந்தளித்தால், இன்று படகு கிடையாது என்பதற்கும் ஒரு கொடி. 'டிவைஸ் நாட் ரெடி' என்று திரையில் வருகிறதே, அது அங்கே காற்றில் பறந்தது. அவசரத் தபால் என்றால் கட்டுமரம் போகும். அதில் போகிறவர் கடிதத்தைத் தலையில் இருக்கும் ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். ஆள் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுவார், கடிதம் நனையாது. பாதி வழியில் பாக்கெட்டைத் தொலைத்துவிட்டு 'மறுபடி அனுப்பு' என்கிற இன்றைய நெட்வொர்க்குகள் இங்கே வந்து பாடம் கேட்டிருக்கலாம்.

நடுவாள் என்றால் கமிஷன் இருக்கும். கெர்னலும் மெமரியில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுதான் மற்றவர்களுக்குப் பங்கு வைக்கும். படகுக்காரர்கள் கூடுதல் கேட்கிறார்கள், கிடங்குக்கு வரும் பீப்பாய் இலேசாக இருக்கிறது என்றெல்லாம் வெள்ளைக்காரர்கள் புலம்பி எழுதி வைத்திருக்கிறார்கள். படகுக்காரர்களின் பக்கத்தைக் கேட்டு எழுத அப்போது ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1687 முதல் 1692 வரை கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், ஊழல் புகாரில் பதவியிழந்தவர். அவர் பின்னாளில் கொடுத்த சரக்குக்கு நன்றியாக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கே அவர் பெயர் வைத்தார்கள். டிரைவர் ஒரு படி சாராயம் எடுத்தால் திருட்டு, எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசர் எடுத்தால் யுனிவர்சிட்டி.

கப்பல் சரக்கை அப்படியே முழுசாகக் கரைக்குத் தூக்க முடியாது. படகுச் சுமையாகப் பிரித்து, எது உடனே வேண்டுமோ அதை முதலில் இறக்கி, மிச்சத்தைக் கப்பலிலேயே விட்டு வைக்க வேண்டும். இந்த யோசனை மான்செஸ்டருக்குப் போய்ச் சேர 1962 ஆயிற்று. அங்கே அட்லஸ் என்று ஒரு கம்ப்யூட்டர். வேகமான காந்த வளைய மெமரி 16 ஆயிரம் சொற்கள்தான் கொள்ளும். மெதுவான காந்த உருளையில் 96 ஆயிரம் சொற்களுக்கு இடம். டாம் கில்பர்ன் குழுவினர் இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வெட்டினார்கள். வேண்டிய பக்கத்தை உள்ளே இழுப்பது, சும்மா கிடப்பதை உருளைக்குத் தள்ளுவது, ப்ரோக்ராமரிடம் மட்டும் 'எல்லாம் ஒரே பெரிய மெமரிதான் சார்' என்று கூசாமல் பொய் சொல்வது. அந்தப் பொய்க்குத்தான் வர்ச்சுவல் மெமரி என்று பெயர். உங்கள் போன் இந்த நிமிஷமும் உங்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நடுவாள் விவரம் புரியாமல் மாட்டிக்கொண்டவர் லா பூர்தொனே. 1746 செப்டம்பரில் இந்தப் பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்தார். மதராஸையே பிடித்துவிட்டதாக நினைத்தார். பிடித்தது ஸ்கிரீனை மட்டும். அக்டோபரில் வழக்கம்போல் வடகிழக்குப் பருவம் வந்தது. அந்த மாதத்தில் இந்தக் கடலில் கப்பலை நிறுத்தி வைக்கக்கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் நிறுத்தி வைத்திருந்தார். ஒரே ராத்திரிப் புயலில் கப்பல்கள் மூழ்கின, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், மிஞ்சியதை ஒட்டுப் போட்டுக்கொண்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இப்படி ஓட்டிவிட்டு, கம்பெனி ஒழிந்து ராணி ஆட்சி வந்த பிறகுதான் ஹார்டுவேரையே மாற்றலாம் என்று தோன்றியது. 1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலத்தை நீட்டினார்கள். போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல் கைகளை வளைத்து, நடுவில் அமைதியான ஒரு குளத்தை உண்டாக்குவது திட்டம். வாசலை நேர் கிழக்கே வைத்தார்கள். யாரும் அழைக்காமலே அலை வாசல் வழியாக உள்ளே வந்தது. 1881 நவம்பர் புயல் கட்டியதில் பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார்கள். வெர்ஷன் ஒன்றில் கிராஷ் ஆகி, இரண்டில் தள்ளாடி, மூன்றில் நிற்கிற வழக்கம் சாப்ட்வேர்க்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல.

அந்த ஸ்பிரிங்கின் ஆபீசில் 1912 மார்ச் மாதம் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். வேலை, கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது. பெயர் ராமானுஜன்.

ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று இன்றைக்கு மேலாளர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். உலகத்திலேயே சக்திவாய்ந்த ப்ராசசர் ஒன்று துறைமுகக் கணக்குப் புத்தகத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்ததைவிட மோசமான ஒதுக்கீடு எதுவும் எனக்குத் தெரியாது. அதே மனிதர் தன் சொந்த மெமரியை நிர்வகித்த அழகைப் பாருங்கள். காகிதம் விலை அதிகம். ஆகவே போடுகிற கணக்கெல்லாம் சிலேட்டில். ஒரு படி முடிந்ததும் முழங்கையால் துடைத்துவிட்டு அடுத்த படி. விடை வந்தால் மட்டும் அது நோட்டுக்குப் போகும். தற்காலிகமானதை உடனுக்குடன் விடுவித்து, நிரந்தரமானதை மட்டும் சேமிப்பது. இதைவிடச் சிக்கனமான மெமரி மேனேஜர் பிறகு வரவில்லை. வழித் தடயங்களெல்லாம் முழங்கையோடு போய்விட்டதால், அந்த விடைகளுக்கு நிரூபணம் தேடிக் கணித உலகம் பல பத்தாண்டுகள் அலைந்தது வேறு விஷயம். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் விஷயம் புரிந்து கைகொடுத்தார்கள். 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் அந்த ப்ராசசர் கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறியது. கூட்டல் வேலைக்கு இங்கே வேறு ஆள் கிடைத்தார்.

அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி, எந்த நடுவாளையும் கேட்காமல், கொடியும் காட்டாமல், எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நேராக வந்து பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு இந்த நடத்தை புதிதல்ல. அங்கே எந்த ப்ரோக்ராமும் எந்த மெமரி முகவரியிலும் போய் எழுதலாம். கேட்பார் கிடையாது. ஒரு கேம் தப்பான இடத்தில் கை வைத்தால் மொத்த மெஷினும் உறைந்துபோகும், பட்டனை அமுக்கித் திரும்ப எழுப்ப வேண்டும். ஒருவர் இடத்தில் இன்னொருவர் கை வைக்க முடியாதபடி ப்ராசசரே காவல் நிற்கும் வசதியை அப்புறம்தான் ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். மதராஸ்வாசிகளோ அன்று மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள்.

இந்தத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். அதற்குமுன் மூட்டை ஒரு அளவு, பீப்பாய் ஒரு அளவு, மரப்பெட்டி ஒரு அளவு. எப்படி அடுக்கினாலும் நடுவில் இடம் வீணாகும். மெமரியிலும் அப்படித்தான். மொத்தமாகப் பார்த்தால் காலியிடம் இருக்கும், ஆனால் துண்டு துண்டாகக் கிடப்பதால் ஒன்றுக்கும் உதவாது. எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டியில் போட்டுவிட்டால் அந்தச் சள்ளை ஒழியும். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றித் தொடங்கி வைத்த வேலை இது. சாப்ட்வேர்க்காரர்களுக்கும் மனசு கேட்கவில்லை, தங்கள் சரக்குக்கும் கண்டெய்னர் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கிரேனுக்குக் கவலையில்லை.

கவலை வெளியே நிற்கிறது. 1968-இல் பீட்டர் டென்னிங் த்ராஷிங் என்று ஒரு வியாதியைப் பற்றி எழுதினார். மெமரிக்குத் தாங்காத அளவு வேலையை ஏற்றிக்கொண்டால், பக்கங்களை உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதுமே முழுநேர வேலையாகிவிடும், உருப்படியாக எதுவும் நடக்காது என்பது சாரம். அவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் நிற்கும் வரிசையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கட்டுரையை இரண்டு வரியில் முடித்து ஒரு போட்டோவை ஒட்டியிருப்பார். லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிச் சாப்பிடும் டிரைவர்கள்தான் இன்றைய காத்திருப்புப் பட்டியல்.

இனி சொந்த வழக்குக்கு வருகிறேன். எந்த நடுவாளும் கீழே இருப்பதை முழுசாக மறைத்துவிட முடியாது, எங்கேயாவது கசியும். ஜோயல் ஸ்போல்ஸ்கி 2002-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். எங்களுக்குத் துறைமுக வேலை தொடங்கிய 1876-லிருந்தே கசிகிறது. இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகும். துறைமுகம் கையை நீட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கம் நின்றுவிட்டது. நின்ற மணல் அகலமானது. கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக 1884-இல் உலாவும் பாதை போட்டு, மெரினா என்று பெயரும் சூட்டினார். வடக்கே கடல் பசியோடு வந்தது. மணல் கிடைக்கவில்லை, கரையைத் தின்றது. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டிக் குப்பம் குப்பமாகத் தின்றது. இன்று இங்கே கடற்கரை என்றால் கொட்டி வைத்த கருங்கல். 2001-இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. அதற்கும் கல் கைகள்தான்.

சி மொழியில் மெமரி வேண்டுமென்றால் மாலாக் என்று கேட்டு வாங்கலாம். வேலை முடிந்ததும் ஃப்ரீ என்று சொல்லித் திருப்ப வேண்டும். வாங்கிவிட்டுத் திருப்பாமல் இருப்பதற்கு மெமரி லீக் என்று பெயர். கசிந்து கசிந்து இடமே இல்லை என்றாகும்போது லினக்ஸில் ஓஓஎம் கில்லர் என்று ஒன்று எழுந்து வரும். அது ஏதாவது ஒரு ப்ரோக்ராமைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். கொல்லப்படுவது லீக் செய்த ப்ரோக்ராமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வடசென்னைக்காரர்களுக்கு இந்த நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, காலையில் மெரினாவில் நடைபயிலும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் காலடியில் இருப்பது எங்கள் ஊருக்கு வர வேண்டிய மணல், 1876 முதல் பாக்கி. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. செருப்பில் ஒட்டியிருப்பதையாவது வீட்டு வாசலில் தட்டாமல், ராயபுரம் வரை வந்து தட்டிவிட்டுப் போங்கள்.