சம்ரக்ஷண சமிதிக் கன்வீனர்

கொச்சி மட்டாஞ்சேரியில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பிள்ளைகள் குறையத் தொடங்கினால் முதலில் உருவாவது ஒரு 'பள்ளி சம்ரக்ஷண சமிதி', அதாவது பள்ளிப் பாதுகாப்புக் குழு. சமிதிக்கு ஒரு கன்வீனர் வேண்டும். அவர் நடுவயதுக்காரர், வெள்ளை வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு கமிஷன் வியாபாரம் செய்வார், அல்லது வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியிருப்பார். அதே பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவர். அதை எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கமாட்டார். அவருடைய பிள்ளைகளை ஏற்றிப்போக மட்டும் தினமும் காலையில் சி.பி.எஸ்.இ. பள்ளியின் மஞ்சள் பஸ் தெருமுனைக்கு வரும். இதைப் பற்றி யாராவது கேட்டால், "வீட்டில் அவளுடைய பிடிவாதம்" என்பார்.

சட்டப்படி பார்த்தால் இவருக்குப் பள்ளியில் இடமே இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. மீதிக் கால் பங்கில் உள்ளாட்சிப் பிரதிநிதி, ஆசிரியர் ஆகியோரோடு உள்ளூர்க் கல்வியாளருக்கும் மத்திய மாதிரி விதிகள் இடம் ஒதுக்குகின்றன. கன்வீனர் அந்தச் சந்து வழியாக உள்ளே வருகிறார். அவர் எப்போது கல்வியாளர் ஆனார் என்று கேட்கும் துணிச்சல் தலைமையாசிரியைக்கு இல்லை; பெயின்ட் வாங்கித் தருபவர் அவர்தான்.

கேரளத்தில் பள்ளியாண்டு பிறப்பது ஜூனில். கன்வீனரின் ஆண்டு ஏப்ரலிலேயே பிறந்துவிடும். பள்ளி திறந்த ஆறாம் பணி நாளில் தலை எண்ணுவார்கள். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில், எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பதை அந்த எண்ணிக்கையே முடிவுசெய்யும். ஒரு டிவிஷன் போனால் ஓர் ஆசிரியரின் வேலைக்கு ஆபத்து. ஆகவே கோடை வெயிலில் பையும் குடையும் இலவசம் என்ற வாக்குறுதியோடு ஆசிரியைகள் கொச்சங்ஙாடி, சுள்ளிக்கல், பனயப்பள்ளி சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். முன்பு இந்த ஊர்த் துறைமுகத்தில் 'சாப்பா' என்ற உலோக வில்லையைக் கூட்டத்தில் வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தத் தொழிலாளிகளின் பேரன் பேத்திகள் இன்று வில்லைகளாகிவிட்டார்கள். அடித்துப் பிடிப்பது ஆசிரியர்கள். கன்வீனர் இந்தப் படைக்கு முன்னால் நடந்து வழிகாட்டுவார். அவர் வீட்டு வாசல் வந்ததும் படை நாகரிகமாக அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடும்.

ஜூனில் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோத்ஸவம். பலூன், மிட்டாய், கவுன்சிலர், பிளக்ஸ். பிளக்ஸில் கன்வீனரின் முகம் தலைமையாசிரியையின் முகத்தைவிடச் சற்றே பெரியது.

2017இல் மாநில அரசு பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது கன்வீனருக்குப் பொற்காலம் வந்தது. புதுக் கட்டிடம் எழுந்தது, எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகள் ஹைடெக் ஆயின, தனியார் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மாநிலம் முழுக்க நடந்ததை அவர் சமிதியின் சாதனை அறிக்கையில் எழுதிக்கொண்டார். 2012இல் பிறந்த பியனாலே கலைக் கண்காட்சி ஊருக்குக் கொண்டுவந்த சுவர் ஓவிய மோகமும் அவரை விடவில்லை. மதில் முழுக்க யானையும் மீனும். யூதத் தெருவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் நின்று படமெடுத்தால் அன்று மாலையே அது வாட்ஸாப் குழுவுக்கு வந்துவிடும்.

அவரை முழுமையாகக் காண வேண்டுமானால் பெற்றோர் கூட்டத்துக்குப் போகவேண்டும். வேலை நாளில் மாலை மூன்று மணிக்குக் கூட்டம். அந்நேரத்தில் பஜார் ரோட்டில் லாரி வந்து நிற்கும். சுமட்டுத் தொழிலாளி அசைய முடியாது. கிடங்கில் சுக்கு பொறுக்கும் பெண் எழுந்து வந்தால் அரை நாள் கூலி போகும். அப்படியும் நாற்பது தாய்மார் வந்து, ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் கன்வீனர் முக்கால் மணி நேரம் பேசுவார். பேச்சின் சாரம், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது. வராதவர்கள் மேலுள்ள கோபம் முழுவதும் வந்தவர்கள் தலையில் இறங்கும்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சாரே, பெண்பிள்ளைகள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்" என்பாள். போன வருடமும் இதையே சொன்னவள். மினிட் புத்தகத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று ஏறும். அடுத்த பொருள், ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி. பாயசத்துக்குத் தேங்காய் திருகும் பொறுப்பு தாய்மார் சங்கமான மதர் பி.டி.ஏ.வுக்கு ஏகமனதாகத் தரப்படும். விழாவில் கன்வீனருக்குப் பொன்னாடை.

இந்த இனத்தில் அபூர்வமான ஒரு கிளையும் உண்டு. 2020இல் கொரோனா வந்து, வியாபாரம் படுத்து, வளைகுடா வேலை போய், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் கேரளத்தில் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு மாற்றின. சில கன்வீனர்களும் அதில் அடக்கம். அப்படி மாற்றியவருடைய மகள், பள்ளி மறுபடி திறந்த முதல் வாரத்திலேயே, வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வந்து அழுவாள். சனிக்கிழமை ஆசாரி வந்து தாழ்ப்பாள் போடுவார். பெற்றோர் கூட்டம் ஞாயிறு மாலைக்கு மாறும். சுமட்டுத் தொழிலாளிகளும் வருவார்கள். கணக்கு டீச்சர் ஏன் ஒரு மாதமாக இல்லை என்று முதல் தடவையாகக் கேள்வி எழும், கேட்பவர் கன்வீனர். மகளைச் சேர்த்திருப்பது ஆங்கில மீடியம் டிவிஷனில்தான். அது வீட்டில் அவளுடைய பிடிவாதம்.