25 சென்ட் ஒழுக்கம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குப்பை போடுவதில் ஜெர்மன்காரனுக்கு இருக்கிற ஒழுக்கம் ரத்தத்திலேயே ஊறியதா என்று கேட்டிருந்தீர்கள். குப்பைக்கு இங்கே மரியாதை உண்டு என்பது நிஜம். கண்ணாடிப் பாட்டில்களில் வெள்ளை, பழுப்பு, பச்சை மூன்றுக்கும் தனித்தனித் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை எதிலும் போடக் கூடாது, உடைகிற சத்தத்தில் ஊரின் ஓய்வு கெட்டுவிடும். தயிர்க் கப்பின் அலுமினிய மூடியை முழுசாகப் பிய்த்தெடுக்க வேண்டும். ஆனால் கப்பைக் கழுவ வேண்டாம், கரண்டியால் வழித்தாலே போதுமாம். இருந்தாலும் ரத்தக் கதையை நான் நம்பவில்லை. பேக்கிங் குப்பைக்கான மஞ்சள் தொட்டியில் 30 சதவீதம் வரை அங்கே வரக் கூடாத சரக்குதான் என்று குப்பை பிரிப்பவர்களே புலம்புகிறார்கள், டயப்பர்கூட வருகிறது. அதே ஜனங்கள்தான் காலித் தண்ணீர்ப் பாட்டிலை லேபிள் கிழியாமல் காபந்து பண்ணி, மூட்டை கட்டி சூப்பர் மார்க்கெட்டுக்குச் சுமக்கிறார்கள். காரணம், வாங்கும்போதே அதற்கு 25 சென்ட் டெபாசிட் கட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் மெஷினின் வாயில் பாட்டிலைப் படுக்கவைத்தால் அது உருட்டி, பார்கோடைப் படித்து, உள்ளே நசுக்கி, கடைசியில் ரசீது தரும். லேபிள் இல்லையென்றால் பாட்டிலையே வெளியே தள்ளிவிடும். இந்தப் பாட்டில்கள் நூற்றுக்கு 95க்கு மேல் திரும்பி வந்துவிடுகின்றன. பூங்காவில் எவராவது விட்டுவிட்டுப் போனாலும், பென்ஷன் போதாத பெரியவர் யாராவது எடுத்துக்கொள்வார். இதைப் பெருமைக் கணக்கில் எழுதுவதா, அவமானக் கணக்கில் எழுதுவதா என்பது வேறு விவகாரம்.

காசுக்காக வரும் ஒழுக்கம் ஒரு ஒழுக்கமா, மனசிலிருந்து வர வேண்டாமா என்பீர்கள். மனசுக்கும் இங்கே வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வந்த பேக்கிங் விதி, மறுபடி நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டெபாசிட் கட்டாயமாகும் என்று கம்பெனிகளை எச்சரித்தது. பங்கு இறங்கத்தான் செய்தது. 2003 ஜனவரியில் டெபாசிட் வந்தது. மறுபடி நிரப்பும் பாட்டிலை அது காப்பாற்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: பாட்டில் திரும்பி வருகிறது, ஆனால் ஒருமுறைப் பாட்டில் குறையவில்லை. நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னபின் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் வந்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். குடிமகனுக்கு, இரண்டு அர்த்தத்திலும், 10 ரூபாய் புரிகிறது.

கோளாறு எல்லையில்தான். டென்மார்க்கிலிருந்து மலிவு பீர் வாங்க வருகிறவர்கள், 'வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் டெபாசிட் இல்லாமல் கேன் கிடைக்கும் என்பது எல்லையோரக் கடைகளில் பல வருஷமாக நடந்த கூத்து. எல்லையைத் தாண்டியதும் அந்தக் கேன் அநாதை. கப்பலேறும் குப்பையும் அப்படித்தான். 2018இல் சீனா கதவைச் சாத்தியதும் பிளாஸ்டிக் மூட்டைகள் தென்கிழக்கு ஆசியாவை நோக்கித் திரும்பின; 2020 ஜனவரியில் மலேசியா 150 கன்டெய்னர்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தது. ஏழை நாடுகள் விரும்பித்தானே வாங்குகின்றன, அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று கேட்கலாம். சுத்தமாகப் பிரித்த பிளாஸ்டிக் வியாபாரத்தைச் சர்வதேச விதி தடுக்கவில்லை. கழிவு வியாபாரத்துக்கான பாசல் ஒப்பந்தத்தில் 2021 முதல் அமலில் உள்ள திருத்தம் கேட்பதெல்லாம், அழுக்கும் கலவையுமான சரக்குக்கு வாங்கும் நாட்டின் முன் சம்மதத்தைத்தான்.

சம்மதம் தேவைப்படும் கழிவுக்கு, அனுப்புகிறவர் உத்தரவாதப் பணம் கட்ட வேண்டும், மறுசுழற்சி முடிந்த சான்று வந்த பிறகே அது விடுவிக்கப்படும் என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. பாட்டில் டெபாசிட்டின் பெரியண்ணன்தான் இது. சுத்தமான சரக்கு என்று எழுதி அனுப்பியதற்குப் பல வருஷமாக இந்தப் பணம் கேட்கப்படவில்லை. அப்படியிருக்க, அழுக்கு என்று எவன் எழுதியிருப்பான்? 2026 நவம்பரிலிருந்து ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பில் இல்லாத நாடுகளுக்கு பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்துகிறது. துருக்கி அந்த அமைப்பில் இருப்பதால் அந்தப் பக்கக் கப்பல் ஓடும். அதில் ஏறும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும், காகிதத்தில் சுத்தமோ அழுக்கோ, முதலில் பணத்தைக் கட்டச் சொல்வதுதான் நியாயம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்