நாய் பிஸ்கட் இலக்கணம்

பாயிரம்

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும். பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டும் வேண்டும் என்பது மரபு. இறைச்சியும் காய்கறியும் சேர்த்து வீட்டில் சுடும் நாய் பிஸ்கட்டுக்குச் சமையல் குறிப்புகள் ஏராளமாக உண்டு. குறிப்பு வேறு, இலக்கணம் வேறு. குறிப்பு "இரண்டு கப் மாவு எடுத்துக்கொள்ளவும்" என்று தொடங்கும். இலக்கணம், மாவை எடுக்கலாமா என்ற வழக்கிலிருந்து தொடங்கும்.

எட்டில் வழியை மட்டும் சற்று விரிக்க வேண்டும். நூல்கள் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுவதுபோல் நாய் பிஸ்கட்டும் மூவகைப்படும். முதனூல் செய்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர். இடிதாங்கி விற்க லண்டன் போனவர் என்பார்கள். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய காய்ந்த கப்பல் ரொட்டிக்குத் தெருநாய்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று கதை. கதை எப்படியோ, 1860-களில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, உலர்த்திய மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டு 'நாய் கேக்' என்று விற்றார். மாவு, காய், கறி என்ற மூன்றும் அன்றே ஒரு தட்டில் கூடிவிட்டன. அவரிடம் பையனாக வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட்தான் பின்னாளில், 1891-இல், லண்டனில் தன் பெயரால் நாய்க் கண்காட்சி தொடங்கியவர். வழிநூல், 1908-இல் நியூயார்க்கின் பென்னட் பிஸ்கட் கம்பெனி கொண்டுவந்த மில்க்-போன். நாய் பிஸ்கட் என்றாலே எலும்பு வடிவம் என்று உலகம் நினைப்பது அந்த வழிநூலின் செல்வாக்கு. நம் வீட்டு அடுப்படியில் எழுதப்படுவது சார்புநூல்.

டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பொறையை எதில் சேர்ப்பது என்று ஒரு மாணாக்கர் கேட்கக்கூடும். அது மனிதருக்காகச் சுடப்பட்டு, தெருநாய்களால் சுவீகாரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் கறியும் இல்லை, காயும் இல்லை. எனவே புறனடையில் வைத்துவிட்டு மேலே செல்வோம்.

எல்லை: வடக்கே ஓவன், தெற்கே வாலாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நாய். கேட்போர்: மேற்படி நாய். மற்ற நூல்களைக் கேட்க வருவோர் நடுவில் எழுந்து போவதுண்டு. இந்நூலின் கேட்போர் ஓவன் கதவு திறக்கும்வரை அசைவதில்லை. பயன்: மேற்படி வால்.

எழுத்தியல்

பிஸ்கட்டின் மூலப்பொருள்கள் உயிர், மெய் என இரு வகை. கோழி ஈரல், கொத்துக்கறி, முள் நீக்கிய மீன் ஆகியவை உயிர். மாவும் காயும் மெய். மெய் தனித்து இயங்காது என்பது இங்கும் விதி. ஓட்ஸும் கேரட்டும் மட்டும் சேர்த்துச் சுட்ட ஒன்றை நாயிடம் நீட்டிப் பாருங்கள். மோந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மரியாதை தெரிந்த நாயாக இருந்தால் வாங்கிக்கொண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் வைக்கும். உயிர் ஏறினால்தான் அது உயிர்மெய்.

இதற்குக் காரணம் உடற்கூறு. மனித நாக்கில் சுமார் 9,000 சுவைமொட்டுகள் என்றால் நாயின் நாக்கில் சுமார் 1,700 தான். தீர்ப்பு நாக்கில் எழுதப்படுவதில்லை, மூக்கில் எழுதப்படுகிறது. மூக்குக்கு ஈரலைவிடப் பெரிய உயிரெழுத்து கிடையாது. அரைத்த ஈரல் நாலு ஸ்பூன் போதும், மீதி எல்லாம் பூசணியாகவே இருந்தாலும் பிஸ்கட் தப்பித்துவிடும். அதற்காக ஈரலாலேயே பிஸ்கட் செய்துவிடலாமா என்றால் கூடாது. ஈரலில் விட்டமின் ஏ சமைந்த நிலையிலேயே இருக்கிறது. கொழுப்பில் கரைவதால் உடம்பில் தங்கிவிடும். நாள்தோறும் அளவுக்கு மீறிப் போனால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். கேரட்டில் அந்த ஆபத்து இல்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை நாயின் உடம்பு வேண்டிய அளவுக்கு மட்டும் விட்டமினாக மாற்றிக்கொள்கிறது. (பூனையால் அது முடியாது. பூனைக்கு இலக்கணம் எழுதும் எண்ணம் எனக்கில்லை. பூனை எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாது.)

இனி மாவு வழக்கு. நாய் ஓநாயின் வம்சம், அதற்குக் கோதுமை மாவு எதற்கு என்று ஒரு கட்சி உரக்கப் பேசுகிறது. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள்தான் இருக்கின்றன. நாய்களிடம் அதைப்போலப் பல மடங்கு இருக்கின்றன. விவசாயம் செய்யத் தொடங்கிய மனிதனின் குப்பைமேட்டருகே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்ததற்கு நாய் வாங்கிய சம்பளம் அது. ஆகவே கோதுமை, ஓட்ஸ், அரிசி மாவு, கேழ்வரகு எல்லாம் செல்லும். கோதுமை ஒவ்வாத நாய்க்குக் கோதுமை மட்டும் செல்லாது. காய்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட், பீன்ஸ் ஆகிய நான்கும் மெய்யெழுத்துகளில் குற்றமற்றவை. பூசணி வேகவைத்து மசித்தால் நார்ச்சத்தும் தரும், மாவையும் பிடித்து வைக்கும்.

மெய் மூவினம் என்பதைத் தமிழ் படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இனம் பிரிப்பது தண்ணீர்.

வல்லினம் கடித்தால் நொறுங்குவது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டு, பிறகு சூட்டை 100-க்குக் குறைத்து ஒரு மணி நேரமாவது உலரவிட்டு, ஓவனுக்குள்ளேயே ஆற வைத்தால் வரும். சத்தம்தான் இதன் அழகு. நாயைவிட வீட்டுக்காரர்தான் அதை அதிகம் ரசிக்கிறார். மெல்லினம், அரைத்த ஈரலில் முட்டையும் பூசணியும் கொஞ்சம் ஓட்ஸும் கலந்து தட்டில் ஊற்றிச் சுட்டு, சதுரமாக வெட்டுவது. பல் போன கிழநாய்க்கும், "உட்கார்" என்று பழக்கும் குட்டிக்கும் இதுவே ஏற்றது. மெல்ல நேரம் எடுக்காமல் அடுத்த ஆணைக்குத் தயாராகிவிடும். இடையினம், கோழிக்கறியையோ சர்க்கரைவள்ளியையோ பட்டையாக வெட்டி இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி, ரப்பர்போல் இழுபட வைப்பது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: கோழிக்கறியின் நடுப்பகுதி முதலில் 74 டிகிரியைத் தொட வேண்டும். காய்ந்ததெல்லாம் வெந்தது ஆகாது; சால்மொனெல்லா கிருமிக்கு இலக்கணம் தெரியாது.

இம்மூன்றிலும் சேராமல் தட்டின் ஓரத்தில் கருகி, மூன்று புள்ளியாய் ஒட்டிக்கொண்டு நிற்பது ஆய்தம். அதைக் குப்பையில் போடுவது ஆசிரியர் கொள்கை. நாய் இக்கொள்கையை ஏற்பதில்லை.

புணரியல்

மாவும் காயும் புணரும்போது வரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் என்பது தண்ணீர் தோன்றுவது. துருவிய கேரட்டையோ வேகவைத்த பூசணியையோ பிழியாமல் சேர்த்தால், பிசையும்போது கெட்டியாக இருந்த மாவு பத்து நிமிடத்தில் தோசைமாவாகி நிற்கும். பயந்து மேலும் மாவைக் கொட்டுவோம்; கறி மணம் போய்விடும். திரிதல் என்பது நிறமும் மணமும் திரிவது. சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கூடிப் பழுப்பேறுவதை 1912-இல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். ரொட்டி மேலோட்டின் மணமும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாயை உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும் மணமும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. கெடுதலுக்கு உரை வேண்டியதில்லை; ஐப்பசி மழையில் சென்னையில் வைத்த டப்பாவைத் திறந்தால் அதுவே உரை சொல்லும். மெல்லினம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான். மீதியை ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள்.

ஓவன் இல்லாதார் என் செய்வது? கேக் சுடும் பழைய வழி இருக்கிறது. குக்கரில் அடியில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டை வைத்துச் சிறுதீயில் விடலாம். உப்பு குக்கரோடு நிற்க வேண்டும், மாவுக்குள் வரக் கூடாது.

விலக்கியல்

இந்நூலின் உயிர்நிலை இந்த இயல். தமிழ்ச் சமையல்காரரின் கை தானாகவே நகரும் கை. கறியைப் பார்த்தால் வெங்காயத்தைத் தேடும். வெங்காயம் கிடைத்தால் பூண்டைத் தேடும். இங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. பொடியில் செறிவுதான் கூடும். தொல்லை என்னவென்றால் பல நேரம் அறிகுறி அன்றே தெரிவதில்லை. சில நாள் கழித்து ஈறு வெளிறும், சிறுநீர் கறுக்கும். அதற்குள் பிஸ்கட் செய்தது மறந்துபோயிருக்கும்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது நெடுநாள் தெரிந்ததே. காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினார்கள். குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த களிமாவைத் தின்ற ஒரு நாய்க்கு அதே சிறுநீரகக் கோளாறு வந்ததும், அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்டார் இருந்ததுமே துப்பு. டார்டாரிக் அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் வீட்டு ஜாடியில் இருக்கிறது: புளி. ஆம், புளியும் அதே விலக்குப் பட்டியலில் ஏறிவிட்டது.

"எங்க தாத்தா வீட்டு நாய் ரசம் சாதம் சாப்பிட்டே பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு" என்பவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு. அவரை மறுக்க வேண்டாம். ரசத்தில் புளி கரைந்து நீர்த்திருக்கும்; அதுதவிர, இரண்டு வயதில் செத்த நாயைப் பற்றி எந்தப் பேரனும் பெருமை பேசுவதில்லை.

சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இன்னும் வேகமானது. இன்சுலினைத் திடீரென்று சுரக்கச் செய்து, ரத்தச் சர்க்கரையை விழவைத்து, ஈரலையும் தாக்கும். சில வேர்க்கடலை வெண்ணெய்ப் புட்டிகளில் அது இருக்கிறது; எழுத்தைப் படித்துவிட்டு ஸ்பூனை விடுங்கள். சாக்லேட், ஜாதிக்காய், மெக்கடேமியா கொட்டை ஆகியவற்றுக்கும் இடமில்லை. வெந்த எலும்பு ஊசியாக உடையும் என்பதால் கொத்துக்கறி வாங்கும்போதே "பாய், எலும்பு ஒரு துணுக்குகூட வேணாங்க" என்று சொல்லி வாங்க வேண்டும்.

உப்பைத் தனியே சொல்கிறேன். இந்நூலின் ஆகப் பெரிய வழு, பிசைந்த மாவைப் பார்த்து மனசு கேட்காமல் "ஒரு சிட்டிகைதானே" என்று போடுவது. வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய், உப்பு ஐந்தையும் எடுத்துவிட்டால் நம்மவர் கையில் எஞ்சுவது கூச்சம் ஒன்றுதான். கைமணக்காரர்கள் இந்தக் கலையில் தோற்பதும், வெந்நீர் வைக்கவே தடுமாறுகிறவர்கள் ஜெயிப்பதும் இதனால்தான். நாய்க்கு அந்தப் பிஸ்கட்டில் எதுவும் குறையாகத் தெரிவதில்லை. குறை எல்லாம் சமைத்தவர் நாக்கில் இருக்கிறது.

அணியியல்

எலும்பு வடிவ அச்சு, பாத வடிவ அச்சு, பீட்ரூட் சாயம், பிறந்தநாள் பெயர் எழுத்து ஆகியவை அணி. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும்தான் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் அதற்குக் குழம்பிய ஒரே நிறம். எனவே பீட்ரூட் ரோஜா நிறம் வாட்ஸ்அப் குழுவுக்கானது. அதில் தவறில்லை, யாருக்கு அணி என்று தெரிந்திருந்தால் போதும்.

அளவியல்

சுவைத்துச் சாட்சி சொல்லும் தகுதி எல்லா நாய்க்கும் இல்லை. லாப்ரடாரின் சாட்சி செல்லாது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்கு இல்லை என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அட்டைப்பெட்டிக்கும் அது அதே வாலைத்தான் ஆட்டும். எதிர்முனையில் சிப்பிப்பாறை. லேசாக விலா தெரிவது அதன் உடல்வாகு; பிஸ்கட்டால் அதை நிரப்பப் பார்க்க வேண்டாம்.

வீட்டார் நாயை "வந்தான், சாப்பிட்டான்" என்றே சொல்கிறார்கள். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதை நன்னூல் வழுவமைதி என்று அனுமதிக்கிறது. தட்டில் போடும் அளவுக்கு அந்த அனுமதி கிடையாது. அன்றாட உணவுச் சக்தியில் தின்பண்டத்தின் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி என்றால் பிஸ்கட்டுக்கு 60. வெந்த கோழி ஈரலாகக் கணக்கிட்டால் வெறும் 35 கிராம். உள்ளங்கை அளவு பிஸ்கட் ஒன்றைத் தருவதைவிடப் பட்டாணி அளவாக நறுக்கிப் பத்து முறை தருவது மேல். கணைய அழற்சியோ சிறுநீரக நோயோ சர்க்கரையோ உள்ள நாயாக இருந்தால், டாக்டரிடம் கேட்ட பிறகு ஓவனைப் போடுங்கள்.