ஆப்பிரிக்காவில் புலி உண்டு

ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது என்று விலங்கியல்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் ம்டோ வா ம்பு கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்று பார்க்காதவர்கள். வடக்குத் தான்சானியாவில், அருஷாவிலிருந்து ங்கோரோங்கோரோவுக்கும் செரெங்கெட்டிக்கும் போகிற சாலை, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில் ஏறுவதற்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்கிற சின்ன ஊர் அது. சுவாஹிலியில் பெயருக்குக் 'கொசு ஆறு' என்று அர்த்தம். மன்யாரா ஏரிப் பூங்காவின் வாசல் ஊரை ஒட்டியே இருக்கிறது. மிருகம் பார்க்கப் போகிறவர்களின் லேண்ட் க்ரூஸர்கள் இந்த வழியாகத்தான் போகும். வேகத்தடையில் ஒரு குலுங்கு குலுங்கி, மரச்சிற்பக் கடை வாசலில் ஓரங்கட்டும். கதவு திறக்கும். பன்னிரண்டு பாக்கெட் வைத்த காக்கிச் சட்டையில் பேரப்புலி இறங்கும். எந்த நாட்டுப் புலி என்று கேட்க வேண்டாம். ஜெர்மனியிலும் உண்டு, குஜராத்திலும் உண்டு, சென்னையிலிருந்து விமானம் ஏறிய ரகமும் உண்டு. தோல் நிறம் மாறும். 'டூ மச்' என்று சொல்லும்போது தலை சாய்கிற கோணம் மட்டும் மாறாது.

இந்தப் புலியின் வேட்டை முறையே தனி. முதலில் இரையைத் திரும்பியும் பார்க்காது. கண் இருப்பது முக்கால் அடி உயர மர ஒட்டகச்சிவிங்கி மேல். கை போவது பக்கத்தில் கிடக்கும் மரக்கரண்டி மேல். கரண்டியை எடுத்து, திருப்பி, காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும். பிறகு போகிற போக்கில், யாரோ கேட்டுவரச் சொன்ன மாதிரி, "இது எவ்வளவு?" கடைக்காரர் 50,000 ஷில்லிங் என்கிறார். டாலருக்குச் சுமார் 2,500 ஷில்லிங் என்று வைத்தால் 20 டாலர். ஆனால் ஐம்பதாயிரம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு புலியிடம் எந்த வாய்ப்பாடும் செல்லாது. ஒரு சிரிப்பு வரும். சாவு வீட்டில் சொத்துப் பேச்சை எடுத்தவனைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. விமானத்தில் மனப்பாடம் செய்த இரண்டு சுவாஹிலிச் சொற்றொடரில் ஒன்றை அப்போது எடுத்துவிடும்: "காலி சானா", விலை ரொம்ப ஜாஸ்தி. கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து "ரஃபிகி, நண்பா" என்று ஆரம்பிப்பார். இன்றைக்கு நீதான் முதல் ஆள், உனக்குக் காலை விலை என்பார். நம்மூர் முதல் போணி கடல் தாண்டியும் அதே தேன்குரலில்தான் பேசுகிறது. அடுத்து மனைவி சாட்சிக்கு அழைக்கப்படுவார். "வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை" என்பது அவர் வசனம். பல வருடப் பயிற்சி. அதற்கும் மசியவில்லை என்றால் வெளிநடப்பு. சட்டசபை வெளிநடப்பைப் போலவே இதிலும், போகிறபோதே திரும்பி வரும் நேரம் முடிவாகியிருக்கும். வண்டி வரை பதினோரு தப்படி. எட்டாவதில் வேகம் குறையும், காது மட்டும் இம்பாலா மானுக்குப் போலப் பின்பக்கம் திரும்பும். "ஓக்கே, இருபது!" என்று குரல் வரும். புலி திரும்பும். சரி என்று சொல்வதற்கு என்று நினைக்காதீர்கள். பதினெட்டு என்று சொல்வதற்கு.

பதினெட்டுக்குப் படிந்த பிறகும் கொசுறு பாக்கி இருக்கிறது. ஒரு சாவிக்கொத்து, இல்லாவிட்டால் மணிகோத்த வளையல். அதையும் வாங்கிக்கொண்டு இரண்டு பத்தாயிரம் நோட்டை நீட்டும். கடைக்காரர் நோட்டை வெயிலில் தூக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான், புலிக்கு முகம் சிவந்துவிடும்: என்னையா சந்தேகப்படுகிறாய்? அரைமணி நேரமாக அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பொய் என்று எடுத்துக்கொண்டவர் கேட்கிற கேள்வி இது. சில்லறை இருக்காது. 2,000 ஷில்லிங்கை, அதாவது ஒரு டாலருக்கும் குறைந்த தொகையை, மாற்றிவர ஒரு பையன் மூன்று கடை தாண்டி ஓடுவான். புலி காத்திருக்கும்.

இதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று தீர்ப்பெழுதுவது சுலபம். அது தப்பு. கஞ்சன் எல்லா இடத்திலும் கஞ்சனாக இருப்பான். அந்த அளவுக்கு அவனிடம் நேர்மை உண்டு. பேரப்புலியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு கதை தெரியும். செரெங்கெட்டிக்குள் ஒரு நாள் இருக்க வெளிநாட்டு ஆளுக்குக் கட்டணம் சுமார் 70 டாலர். ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி ஒருமுறை இறங்க 250 டாலர். அதற்கு மேல் 18 சதவீத வரி தனி. விடியற்காலையில் பலூனில் ஒரு மணி நேரம் மிதக்க ஆளுக்குச் சுமார் 600 டாலர். இதில் எதற்காவது 'காலி சானா' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பூங்கா வாசல் சன்னலில் தலையை நீட்டி "பள்ளத்தில் பாதிதான் பார்க்கப்போகிறேன், 120-க்கு முடியுமா?" என்று கேட்ட புலி இதுவரை பிறக்கவில்லை. அதே ஊர்ச் சாலையில் பெரிய சிற்ப அங்காடி ஒன்று இருக்கும். சுத்தமான கழிப்பறை, ஏசி, கார்டு தேய்க்கும் கருவி, ஒவ்வொரு பொருளின் காலிலும் நூல் கட்டிய விலைச்சீட்டு. இப்படிப்பட்ட அங்காடிகளில் வண்டி கூட்டிவந்தவருக்குக் கமிஷன் போவது ஊரறிந்த ரகசியம். அங்கே அதே ஒட்டகச்சிவிங்கி இரண்டு மடங்கு விலை. "ஃபிக்ஸட் ப்ரைஸ்" என்று மரியாதையாக முணுமுணுத்தபடி புலி பர்ஸைத் திறக்கும். ஆக, அதன் சண்டை காசோடு கிடையாது, வாயோடு. அச்சடித்த விலை விதி, வாயால் சொன்ன விலை பொய் என்பது அதன் வேதாந்தம். சுற்றுலாவில் கைமாறும் பணத்தில் பெரும்பகுதி சீட்டிலும் திரையிலும் அச்சாகித்தான் வருகிறது. முகத்தைப் பார்த்து வாய்திறந்து விலை சொல்லும் நிலையில் இருப்பவர் தெருவோரக் கடைக்காரர் ஒருவர்தான். மொத்த உஷாரும் அவர் தலையில் இறங்குகிறது.

சரி, லாபமாவது உண்டா? சஃபாரிக்கு ஒரு நாள் செலவு ஆளுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் உள்ள பத்து மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 30, அரைமணிக்கு 15. வண்டியில் ஐந்து பேர் என்றால் அந்தக் கடை வாசலில் ஆவியானது 75 டாலர். கிடைத்தது? 50,000 என்பது தொடக்க விலை என்று கடைக்காரருக்கும் தெரியும், புலிக்கும் தெரியும். இரண்டு வார்த்தை பேசினாலே 25,000-க்கு இறங்கியிருக்கும். ஆக, மனைவியின் வசனம், வெளிநடப்பு, சில்லறைக்கு ஓடிய பையன் எல்லாம் சேர்ந்து ஈட்டிக்கொடுத்தது 7,000 ஷில்லிங். மூன்று டாலர்கூடத் தேறாது. பள்ளத்துக்குள் இறங்கிய வண்டி மாலை 6 மணிக்குள் மேலேறிவிட வேண்டும் என்பது விதி. அன்றைக்கே பள்ளத்தில் இறங்குகிற வண்டியானால், அந்த அரைமணி காண்டாமிருகத்தின் கணக்கிலிருந்துதான் கழியும்.

இன்னொன்று புலிக்குத் தெரிவதில்லை: ஓர் எல்லைக்குக் கீழே விலை இறங்குவதில்லை, மரம்தான் இறங்குகிறது. இந்தச் சிற்பங்களுக்குப் பேர்போனவர்கள் மகோண்டே மக்கள். தான்சானியாவின் தென்கிழக்குக் கோடியும் மொசாம்பிக்கின் வடபகுதியும் அவர்கள் பூமி. அவர்கள் செதுக்கும் மரம் ம்பிங்கோ. வெளிநாட்டில் கருங்காலி என்று விற்றாலும் அது நம் ஈட்டி மரத்தின் பங்காளி. கிளாரினெட் வாத்தியம் செய்வது அதில்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும், உளியை மழுக்கும், முதிர்வதற்கு ஒரு மனித ஆயுள் வேண்டும். அந்த மரத்தில் அந்த உயரத்துக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியைப் பதினெட்டாயிரத்துக்குத் தரக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவர் குனிந்து பலகைக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுப்பார். அதே கழுத்து, அதே கருப்பு, கையில் வைத்தால் பூப்போல் லேசு. கருப்பு செருப்புப் பாலீஷின் உபயம். விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் புலி ஜெயித்துக்கொண்டிருக்கிறது, ஜெயிக்கிறவன் சுரண்டிப் பார்க்க மாட்டான். ஓவியக் கடையிலும் இதே கூத்துதான். டிங்கடிங்கா பாணி என்று பளீர் வண்ணத்தில் யானையும் பறவையும் வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள். "இது சைக்கிள் பெயிண்ட்தானே!" என்று புலி கண்டுபிடித்து விலையைப் பாதியாக்கப் பார்க்கும். 1968 வாக்கில் தார் எஸ் ஸலாமில் எட்வர்ட் சயீத் டிங்கடிங்கா அந்தப் பாணியைத் தொடங்கியதே அட்டைப்பலகையும் சைக்கிள் பெயிண்டும் வைத்துத்தான். 1972-இல் போலீஸ் ஆள் மாற்றிச் சுட்டு அவர் இறந்துபோனார். அவரோடு வரைந்தவர்கள் தொடர்ந்தார்கள். பெயிண்டைக் குற்றம் சொல்வது, இட்லியில் அரிசி இருக்கிறது என்று புகார் கொடுப்பது மாதிரி.

புலியின் தரப்பில் மூன்று நியாயம் வரும், கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒன்று, பேரம் அந்த ஊர் வழக்கம், பேசாவிட்டால்தான் அவமரியாதை. உண்மையே. 1950-களில் பாசனம் வந்தபின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து நெல்லும் வாழையும் போட்ட ஊர் அது. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இங்கே இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே பேரம் என்பது நலம் விசாரிப்பில் பாதி. அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் தக்காளிக்கு இரண்டு சுற்றில் முடித்துவிட்டு மூன்றாவதாகப் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்கிறார்கள். அங்கே யாரும் மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டாவது நியாயம், வந்தவன் அள்ளிக்கொடுத்தால் உள்ளூரில் விலைவாசி ஏறிவிடும் என்ற பொருளாதாரக் கவலை. வாடகைக்கும் நிலத்துக்கும் அது பொருந்தலாம். மர ஒட்டகச்சிவிங்கி விலை ஏறியதால் உகாளி என்கிற களிக்கு மாவு வாங்க முடியாமல் எந்தக் குடும்பமும் தவித்ததில்லை. அந்த ஊரில் அதை வாங்குகிற ஒரே ஜீவன் புலிதான். மூன்றாவது, கடைக்காரர்கள் மட்டும் யோக்கியமா? கிடையாது. "என் கையால் செதுக்கியது" என்று சத்தியம் செய்வார்கள். அடுத்த பத்துக் கடையிலும் அதே சிவிங்கி அதே பக்கம் கழுத்தைச் சாய்த்து நிற்கும். வண்டிச் சன்னலுக்குள் பாதி உடம்பை விட்டுப் பாசிமாலையைக் கழுத்தில் போட்டுவிட்டு, கழற்றினால் மனம் புண்பட்டதாக நடிப்பார்கள். இந்தத் தொல்லையை மறுப்பதற்கில்லை. ஆனால் தொல்லை கொடுக்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகரலாம். புலி நகர்வதில்லையே, இறங்கி உட்கார்ந்துவிடுகிறது.

ஏன் உட்காருகிறது என்று யோசித்தால் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. ஒரு வாரமாக அந்தப் புலி மனிதர் வண்டிக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கிறார். யானை அவரைச் சட்டை செய்யவில்லை. சிங்கம் கொட்டாவி விட்டது. விடுதியில் பேசுகிறவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற புன்னகையோடு பேசுகிறார்கள். அவர் பேரையும் ஊரையும் எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேட்டு, பதிலுக்குக் கோபித்து, சிரித்து, கையைப் பிடித்துக் குலுக்கிய ஒரே ஆப்பிரிக்கர் இந்தக் கடைக்காரர்தான். பத்து வருடம் கழித்து எந்தச் சிங்கத்தை எங்கே பார்த்தோம் என்பது மறந்துவிடும். நீலத் தொப்பி போட்ட கடைக்காரர் மறக்க மாட்டார். டிவி மேல், உடைந்த காதை ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும் சிவிங்கியைக் காட்டி விருந்தாளிகளுக்குச் சொல்லும்போது 18,000 என்பது 15,000 ஆகும். ஐந்தாவது விருந்தாளி வருவதற்குள் 12,000. பேரம் அங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, கடைக்காரர் இல்லாமலே.

ஆனால் இந்த இளக்கமெல்லாம் புலியோடு ஒரே வண்டியில் போகாதவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். கூட வந்த நாலு பேர், ஊர்ப் பெயரின் முழு அர்த்தமும் புரியும்படி, திறந்த கதவோடு கொசுவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். டிரைவர் மணிக்கட்டைப் பார்க்கிறார். வாய்விட்டுச் சொல்ல முடியாது, கடைசி நாள் டிப்ஸ் புலியின் கையில் இருக்கிறது. அவர்கள் சார்பில் ஒரு வார்த்தை: விலை பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் வண்டியில் ஏறுங்கள் ஐயா.

ஏறும். ஏறுகிற வழியில் வாழைப்பழக்காரம்மாவின் பந்தலில் செவ்வாழைத் தாறு தொங்கும். அந்த ஊர் செவ்வாழைக்குப் பேர்போனது. ஒரு சீப்புக்கு இன்னொரு பத்து நிமிஷம். 500 ஷில்லிங் குறையும். வண்டி செங்குத்தில் ஏறி, கராட்டுவைத் தாண்டி, ங்கோரோங்கோரோவின் லொடுவாரே வாசலில் நிற்கும். டிரைவர் சீட்டு போட உள்ளே போவார். பள்ளத்துக்கான 250 டாலர் ஒரு முணுமுணுப்புமில்லாமல் கழியும். சன்னலை மூடிவையுங்கள், பபூன் குரங்குகள் நடமாட்டம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். புலி இறங்கி நின்று சிவிங்கியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். சீட்டில் செவ்வாழைச் சீப்பு. சன்னல் திறந்தே இருக்கும்.