பட்டனைப் பறித்த பரோபகாரிகள்

லினக்ஸ் டெஸ்க்டாப் செய்பவர்களின் வாயில் எந்நேரமும் ஒரு ஜீவன் அடிபடும். பெயர் ‘சாதாரணப் பயனர்’. இரண்டு பட்டன்களைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் இவருக்குத் தலை சுற்றும். செட்டிங்ஸில் ஒரு வரி கூடினால் காய்ச்சலே வரும். இவரை நேரில் கண்டவர் எவருமில்லை. ஆனால் எதைப் பிடுங்கினாலும் இவர் பெயரால்தான் பிடுங்குவார்கள்.

லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமையே பாருங்கள். தொடக்கத்தில் அதன் ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டது என்லைட்டன்மெண்ட் என்ற விண்டோ மேனேஜர். பிறகு சாஃபிஷ் வந்தது; லிஸ்ப் தெரிந்தவர் அதை இஷ்டப்படி வளைக்கலாம். விடுவார்களா? 2003-இல் மெட்டாசிட்டி டீஃபால்ட் ஆனது. எழுதிய ஹேவக் பென்னிங்டனே அதைச் சலிப்பூட்டும் விண்டோ மேனேஜர் என்று பெருமையாக அறிமுகம் செய்தார். போகட்டும், அன்றைக்கு ஒரு மரியாதை மிச்சமிருந்தது. டெர்மினலில் ‘ஓப்பன்பாக்ஸ் --ரீப்ளேஸ்’ என்று அடித்தால் பழைய சட்டம் ஒரு கணம் கழன்று, புதுச் சட்டம் வந்து உட்காரும். திறந்திருந்த ஜன்னல் ஒன்றும் மூடாது. பிடிக்காதவர் மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 அவதரித்தது. மட்டர் என்ற விண்டோ மேனேஜரின் மேலேயே ஷெல்லையும் கட்டிவிட்டார்கள். இனிக் கழற்ற வழியில்லை. கையோடு மினிமைஸ், மேக்ஸிமைஸ் பட்டன்களும் காலி. டாஸ்க்பார் இல்லையே, மினிமைஸ் செய்த ஜன்னல் எங்கே போகும் என்று விளக்கம் வேறு. டாஸ்க்பாரை எடுத்தது யார் ஐயா? பரணை இடித்தவனே வந்து, பரண் இல்லாத வீட்டுக்கு ஏணி எதற்கு என்று அதையும் தூக்கிப்போன கதை! லினஸ் டோர்வால்ட்ஸே அந்த ஆண்டு திட்டித் தீர்த்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்குக் குடிபெயர்ந்தார். கெர்னலை எழுதியவர்தானே, அவர் பேச்சை யார் கேட்பது?

போன பட்டனை மீட்க ‘ட்வீக்ஸ்’ என்று தனிக் கருவி. மற்றதற்கெல்லாம் எக்ஸ்டென்ஷன், ஆறு மாதத்துக்கொரு வெளியீடு வரும்போது அவற்றில் எது படுத்துக்கொள்ளுமோ தெரியாது. இந்த விஷயத்தில் உபுண்டுவின் மார்க் ஷட்டில்வொர்த் தேவலை. 2010-இல் பட்டன்களை இடப்பக்கம் தள்ளியபோது, இது ஜனநாயகமல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். மற்றவர்கள் அதையே ‘டிசைன்’ என்கிறார்கள்.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் முறையிலும் இப்போது வேலண்ட் காலம். முந்தைய முறையான எக்ஸ்11-இல் ஷெல் தொங்கினால் ஆல்ட்+எஃப்2, ‘ஆர்’, என்டர். ஷெல் புதிதாக எழுந்து வரும், பாதி அடித்த கடிதம் அப்படியே இருக்கும். வேலண்டில் திரையை ஆள்வதும் ஜன்னலை மேய்ப்பதும் ஒரே நிரல். மட்டர் விழுந்தால் கூண்டோடு கைலாசம்.

கட்டமைப்பே அப்படித்தான், வேறு வழியில்லை என்பார்கள். எல்எக்ஸ்க்யூடி என்ற டெஸ்க்டாப்பின் சின்னக் குழுவுக்கு மட்டும் வழி எப்படிக் கிடைத்தது? சொந்தமாக ஒரு விண்டோ மேனேஜர்கூட இல்லாத அது, 2024-இல் வந்த 2.1 பதிப்பில் கேவின், லேப்டபிள்யூசி, ஸ்வே, வேஃபயர் என்று வரிசையாக நீட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. கேட்டதால் எந்தப் பயனரும் மயங்கி விழவில்லை.

பெரும்பாலோர் டீஃபால்ட்டை மாற்றுவதே இல்லை என்பது இவர்களின் கடைசி வாதம். மாற்றும் வழியை அடைத்தவர்களே, மாற்றாதவர்களைத் தலையெண்ணிச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இதுதான் எளிமை என்றால், இதைவிட எளிமையானது ஒன்று பாக்கியிருக்கிறது: பயனரே இல்லாத டெஸ்க்டாப். அதை நோக்கித்தான் ஆறு மாதத்துக்கொரு அடியாக வெற்றிநடை போடுகிறார்கள்.