கூப்பிட்டால் வராத க்ராஷ்

நேற்றும் செத்தது. பாதி வாக்கியத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல், ஜன்னலோடு மறைந்துவிட்டது என் ஈமாக்ஸ். டெர்மினலில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒற்றை வரி. அதுதான் மரண சாசனம்.

'அப்பப்ப மூடித் திறந்தா என்ன?' என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. நாம் என்ன, ஈமாக்ஸை மூடுகிற ஜாதியா? எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று சொல்ல 'ஈமாக்ஸ்-அப்டைம்' என்றொரு கட்டளையே இருக்கிறது. அதை அடித்துப் பார்த்து, பக்கத்து நாற்காலியைக் கூப்பிட்டுக் காட்டாதவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

இந்தக் க்ராஷுக்குக் காரணம் என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. அதன் குணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் வீட்டு வாசலில் காணாமல் போகிற பல்வலிதான் இது. ஜிடிபியை இணைத்தால் வராது. கழற்றினால் வரும். பெரிய லாக் கோப்பைத் திறந்து சீண்டினேன், வரவில்லை. பத்தி பத்தியாக வெட்டி ஒட்டினேன், வரவில்லை. கார்பேஜ் கலெக்டரின் வழக்கமான வரம்பு 8,00,000 பைட். அதை அடிமட்டத்துக்கு இறக்கி, ஓயாமல் கூட்டிப் பெருக்க வைத்தேன். எடிட்டர் தவழ்ந்ததே தவிர, சாகவில்லை. கவனிக்காதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பி, ஓரக்கண்ணால் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் வராது. அதோடு செய்தால் தாராளமாக வரும். ஆனால் கோர் கோப்பைத் திறந்து எந்த மாறியைக் கேட்டாலும் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று கையை விரிக்கிறது ஜிடிபி. நண்பரைக் கூட்டிவந்து காட்டினால் வராது. அவர் லிஃப்டில் ஏறியதும் வரும்.

இந்த வகைக்கு 'ஹைசன்பக்' என்று பெயர். இதைப் பற்றி ஜிம் கிரே 1985-லேயே எழுதிவிட்டார். இப்படிப்பட்ட பிழை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் வராது என்பது அவர் சொன்ன நல்ல செய்தி. வராதுதான் ஐயா, அதுதானே என் வியாதியே! ஸ்டால்மன் குனு ஈமாக்ஸை வெளியிட்டதும் அதே 1985-இல்தான். தற்செயல் என்கிறார்கள்.

பிழை அறிக்கை அனுப்பலாம் என்றால், சொந்த அமைப்புகள் எதுவும் இல்லாத 'ஈமாக்ஸ் -க்யூ'வில் தொடங்கி, க்ராஷ் வரவழைக்கும் செய்முறை கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். படி ஒன்று: திறக்கவும். படி இரண்டு: சில வாரம் குடித்தனம் நடத்தவும். படி மூன்று: தலைபோகிற வேலை வரும்வரை காத்திருக்கவும்.

பேக்ட்ரேஸ் போய் நிற்பது கார்பேஜ் கலெக்டரில். எவனோ, எப்போதோ நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருப்பான். பெருக்க வந்தது அதை மிதித்து உயிரை விடுகிறது. அது கடைசியாகத் தொட்ட 512 பொருள்களின் சுவடு ஒரு வரிசையில் இருக்கும், பார்த்துக்கொள் என்கிறது ஈமாக்ஸோடு வரும் 'டீபக்' கோப்பு. பார்த்தேன். 512-ம் உத்தமர்களாகத்தான் தெரிகின்றன.

இந்த நேரம் பார்த்து, அலுவலகத் தம்பி ஒருவர், "வேற எடிட்டருக்கு மாறிடுங்களேண்ணே, என்னுது க்ராஷே ஆகாது" என்கிறார். எப்படி ஆகும்? வாரத்துக்கொரு அப்டேட் வந்து, மூடித் திற என்று அதட்டுகிறது; இவரும் மறுபேச்சில்லாமல் திறக்கிறார். ஒரு மாதம் சேர்ந்தாற்போல ஓடவே விடாத மென்பொருளில், ஒரு மாதம் கழித்து வருகிற பிழை எங்கே போய் வெளியே வரும்? இந்தக் காலத்தில் இதற்குப் பெயர் ஸ்டேபிள் வெர்ஷன்.